முப்பது நாள், ஐந்து வகை: கலந்து வாசிக்கத் திட்டம் போடுவது எப்படி?

சிறுகதை, நாவல், கவிதை, தன்வரலாறு, மொழிபெயர்ப்பு என ஐந்தையும் ஒரே மாதத்தில் தொட்டுப் பார்க்கலாம் என்று தொடங்குபவர்கள் பலர் பத்தாம் நாளிலேயே நின்றுவிடுகிறார்கள். நாவலைப் படிக்கிற வேகத்திலேயே குறுந்தொகையையும் ஓட்டப் பார்ப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஒவ்வொரு வகைக்கும் வேகம் வேறு. கீழே உள்ள திட்டம் அந்த வேறுபாட்டை வைத்துப் போட்டது.

முதலில் பக்கக் கணக்கு

கையில் இருக்கும் ஏதாவது ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து, கடிகாரம் வைத்து 10 நிமிடம் படியுங்கள். 6 பக்கம் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். தினம் 40 நிமிடம் ஒதுக்கினால் 24 பக்கம். மாதத்தில் 4 நாள் எப்படியும் தவறும்; மீதி 26 நாளுக்கு 624 பக்கம். இதில் கால் பங்கைக் கழித்துவிடுங்கள். அயர்ச்சி, விருந்தாளி, திரும்பிப் படிக்க வேண்டிய பக்கங்கள் எல்லாம் அந்தக் கால் பங்குக்குள் அடங்கும். கையில் நிற்பது 468 பக்கம். புத்தகங்களின் மொத்தப் பக்கம் இதைத் தாண்டக் கூடாது.

இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் பொன்னியின் செல்வன் ஏன் இந்த மாதத்துக்கு ஆகாது என்பது தானே விளங்கும். ஐந்து பாகம், அதை எடுத்தால் வேறெதற்கும் இடம் இருக்காது.

புத்தகங்களைத் திரட்டுதல்

குறுந்தொகை, புதுமைப்பித்தன் கதைகள், உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ ஆகியவை மதுரைத் திட்டம் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்குள்ள பழைய கோப்புகளைத் திறந்தால் எழுத்து கன்னாபின்னாவென்று தெரியலாம். அது டிஸ்கி என்ற பழைய கணினித் தமிழ்க் குறியாக்கத்தில் ஏற்றிய கோப்பு. அதே நூலின் யூனிகோடு வடிவத்தைத் தேடி எடுங்கள். திட்டத்தில் பின்னால் வரும் அசோகமித்திரன், பஷீர் நூல்களுக்குக் காப்புரிமை உண்டு. கடையிலோ நூலகத்திலோதான் வாங்க வேண்டும்.

1 முதல் 7: சிறுகதை, நாளுக்கு ஒன்று

புதுமைப்பித்தனில் இந்த வரிசையில் போங்கள்: பொன்னகரம், ஒரு நாள் கழிந்தது, கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும், செல்லம்மாள், சாப விமோசனம். பொன்னகரம் சில பக்கங்களில் முடிந்துவிடும், கை பழக நல்லது. சாப விமோசனத்துக்கு முன் அகலிகை கதை தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் யாரிடமாவது ஐந்து நிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். துன்பக்கேணி இவற்றைவிட நீளமானது, இந்த வாரம் வேண்டாம். ஆறாம், ஏழாம் நாளுக்குக் கு. அழகிரிசாமியின் ராஜா வந்திருக்கிறார், அன்பளிப்பு.

கதை சின்னதாக இருக்கிறதே என்று ஒரே மூச்சில் மூன்று படிக்காதீர்கள். மூன்றும் ஒன்றோடொன்று குழம்பி, மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது. 40 நிமிடத்தில் நேரம் மிஞ்சினால் அதே கதையின் முதல் பக்கத்தை மறுபடி படியுங்கள். முடிவு தெரிந்தபின் முதல் பத்தி வேறு மாதிரி இருக்கும்.

தினமும் 10 நிமிடம்: குறுந்தொகை

இதை மட்டும் மாதம் முழுக்க, 40 நிமிடக் கணக்குக்கு வெளியே வையுங்கள். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள். பெரும்பாலும் 4 முதல் 8 அடி. ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகப் போக வேண்டியதில்லை. 3, 18, 25, 28, 40, 49, 167 இவற்றில் தொடங்குங்கள். 167 அடுப்படியில் நடக்கும் பாடல். சங்கப் பாட்டு என்றாலே மிரள்பவர்களுக்கு அதுதான் சரியான வாசல்.

முறை இது. பதம் பிரித்த, அதாவது சொற்களைத் தனித்தனியாகப் பிரித்து அச்சிட்ட பதிப்பாகப் பார்த்து எடுங்கள். முதலில் வாய்விட்டு இரண்டு முறை படியுங்கள், பொருள் புரியாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்து ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்ற குறிப்பைப் பாருங்கள். யார் யாரிடம் பேசுகிறார் என்பது தெரியாமல் உரைக்குப் போனால் பாட்டு வெறும் வர்ணனையாகத்தான் தெரியும். பிறகு உரை. கடைசியாக மறுபடி பாட்டு. உரையை முதலில் படித்துவிட்டால் அப்புறம் பாட்டைப் படிக்கவே தோன்றாது. பலர் வழுக்கும் இடம் இதுதான்.

8 முதல் 16: நாவல்

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. சென்னைத் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பின்னணியாகக் கொண்ட சிறிய நாவல். இந்த ஒன்பது நாளும் இடையில் வேறு கதை எதையும் நுழைக்காதீர்கள். நாவலில் இரண்டு நாள் இடைவெளி விழுந்தால் ஆட்கள் மறந்துபோவார்கள். தவிர்க்க முடியாமல் விழுந்துவிட்டால், விட்ட இடத்துக்கு ஐந்து பக்கம் முன்னாலிருந்து பிடியுங்கள்.

17 முதல் 24: தன்வரலாறு

‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் 1940-ல் தொடங்கி வாரந்தோறும் வந்தது. 1942-ல் உ.வே.சா. மறைந்ததால் 122 அத்தியாயங்களோடு நின்றுபோனது. முழுவதும் இந்த மாதத்தில் முடியாது, முடிக்கவும் வேண்டாம். உ.வே.சா.வைச் சீவக சிந்தாமணியின் பக்கம் திருப்பிய சேலம் இராமசுவாமி முதலியாரின் பெயரை நூலில் தேடுங்கள். 1880-ல் கும்பகோணத்தில் இருவரும் சந்தித்ததிலிருந்து, 1887-ல் சீவக சிந்தாமணி அச்சேறும் வரைக்கும் நாளுக்கு இரண்டு மூன்று அத்தியாயம். வாரத் தொடர் என்பதால் ஒவ்வொன்றும் கைக்கடக்கமாக இருக்கும். மடம், ஜமீன், புலவர் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். ஒரு துண்டுத்தாளில் பெயரும் ஊரும் மட்டும் குறித்து அதையே பக்க அடையாளமாக வையுங்கள்.

25 முதல் 28: மொழிபெயர்ப்பு

வைக்கம் முகமது பஷீரின் ‘பால்யகால சகி’, மலையாளத்தில் 1944-ல் வந்தது. மொழிபெயர்ப்பு நூல் எதுவானாலும், வாங்குமுன் பதிப்பு விவரப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் பெயரையும், மூலத்திலிருந்து நேரடியாக வந்ததா என்பதையும் பாருங்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திருப்பி, ஆட்கள் பேசும் இடமாகப் பார்த்துப் படியுங்கள். பேச்சு நாக்கில் புரளாவிட்டால் வேறு மொழிபெயர்ப்பைத் தேடலாம்.

கடைசி இரண்டு நாள் காலியாக இருக்கட்டும். அதற்குமேல் பின்தங்கினால் தன்வரலாற்றில் கை வையுங்கள். நடுவில் சில அத்தியாயம் தாண்டினாலும் தொடர்பு அறாது. நாவலில் மட்டும் ஒரு பக்கமும் குறைக்க வேண்டாம்.