பின் சில்லு மோட்டருக்குப் பெயாரிங் மாத்தேக்க நாக்கு வொசரை மறக்காதேங்கோ

2022இல பெற்றோல் வரிசையில நிண்டு களைச்சுப்போய்த்தான் பின் சில்லில மோட்டர் உள்ள சைக்கிள் வாங்கினன். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில இருந்து பண்ணைப் பாலத்தால ஒவ்வொரு நாளும் வேலணைத் தீவுக்குப் போய் வாறன். ரெண்டு பக்கமும் கடல், உப்புக்காத்து இரும்பை விடாது. போன மாரியோட பின் சில்லு கரகரவெண்டு சத்தம் போட்டுது. பிடிச்சு ஆட்டினால் பக்கவாட்டில ஆடிச்சு. பெயாரிங் போயிட்டுது.

முதல் பற்றறியைக் கழட்டி வேற இடத்தில வையுங்கோ. அக்சிலேற்றரில கை பட்டால் சில்லு விரலை எடுத்துப்போடும். சாக்கு விரிச்சுச் சைக்கிளைக் கவிழ்த்து, மோட்டர் வயரின்ர கனெக்டரை நேரா இழுங்கோ, திருகக்கூடாது. என்ரதில 9 பின்: தடிச்ச மூண்டும் மோட்டரை ஓட்டுற கரண்டுக்கு, மெல்லிசுகள் சென்சருக்கு.

18ஆம் நம்பர் ஸ்பானரால அச்சு நெட்டைத் தளர்த்த முதல் ரெண்டு பக்கமும் போனில படம் எடுங்கோ. வொசர் எந்த ஒழுங்கில இருக்கு எண்டது அதில தெரியவேணும். அதில ஒரு வொசருக்குச் சின்ன நாக்கு இருக்கும், அது பிரேமின்ர வெட்டுக்குள்ள இருந்து அச்சைச் சுத்தவிடாமல் பிடிக்கிறது. சாதாரண சில்லில அச்சு பாரத்தை மட்டும் தாங்கும். இதில மோட்டர் சில்லை முன்னுக்குத் தள்ளேக்க அச்சைப் பின்னுக்குத் திருப்பும். முந்தி ஒருக்கா பஞ்சர் ஒட்டின இடத்தில அந்த வொசரைப் போடாமல் விட்டிட்டினம். பண்ணையில ஏறேக்க அச்சு சுத்தி, அதுக்குள்ளால வாற வயர் கயிறு மாதிரி முறுகி அறுந்துபோச்சு. வேகாத வெய்யிலில கொக்குவில் வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தன்.

சில்லைக் கழட்டினபிறகு பிறீவீலை, அதான் செயின் ஓடுற பல்லுச் சில்லை, கழட்டவேணும். பழைய மரை இறுகியிருக்கும், இரவு மண்ணெண்ணெய் விட்டு வையுங்கோ. என்ர மோட்டர் அச்சு 12 மில்லிமீற்றர் தடிப்பு, அதுக்கு மேலால நுழையிற பிறீவீல் கழட்டியாப் பாத்து வாங்குங்கோ. எல்லாம் நுழையாது. கழட்டியை வைசில பிடிச்சு, சில்லை ரெண்டு கையாலயும் இடப்பக்கமாத் திருப்பினால் விட்டுக்குடுக்கும்.

மோட்டர் மூடியின்ர ஸ்குறூவைக் குறுக்கு மறுக்காக் கொஞ்சம் கொஞ்சமாக் கழட்டுங்கோ. பெயாரிங்கில நம்பர் வெட்டியிருக்கும், என்ரது 6001. கடையில 2ஆர்எஸ் எண்டு கேளுங்கோ, ரெண்டு பக்கமும் றப்பர் மூடி இருக்கிறது, உப்புத்தண்ணிக்கு அதுதான் சரி. புதுசை மூடிக்குள்ள இறக்கேக்க வெளி வளையத்தில மட்டும் தட்டவேணும். உள் வளையத்தில தட்டினால் அடி உள்ள இருக்கிற குண்டுகளில விழுந்து, புதுசே கரகரக்கும். வயர் வாற பக்கத்துப் பெயாரிங்கை மாத்தக் கனெக்டரைப் பிரிச்சு வயரை உருவவேணும். அதைத் தெரிஞ்ச ஆளிட்டக் குடுக்கிறது நல்லது.

திரும்பப் போடேக்க பிறீவீல் மரையில கிறீஸ் தடவுங்கோ. நாக்கு வெட்டுக்குள்ள இருக்கோ எண்டு விரலால தடவிப்பாத்துத்தான் நெட்டை இறுக்கவேணும், சுமார் 40 நியூட்டன் மீற்றர். வயர் அச்சை விட்டு வெளிய வந்து கீழ தொங்கி வளைஞ்சு மேல போகட்டும். அப்பத்தான் மாரித்தண்ணி வளைவில சொட்டும், மோட்டருக்குள்ள போகாது.

பற்றறியைப் போட்டு, சில்லைத் தூக்கி மெதுவா ஓடவிட்டுப் பாருங்கோ. பிறகு ஒருக்கா வேலணைக்குப் போய் வந்து, அதே 18ஆம் நம்பர் ஸ்பானரால ரெண்டு நெட்டையும் திரும்ப இறுக்குங்கோ. என்ரது முதல் நாளே கால் சுத்து இறங்கிச்சு.