நீலகிரிக் குளிரில் ஒரு மானிட்டர் வாங்குவதற்கு முன்

சென்ற மார்கழியில் ஒரு காலை, ஊட்டியில் எங்கள் மாடி அறையில் விளையாடிக்கொண்டிருந்த அக்கா மகன், "மாமா, திரை இழுக்குது" என்று கூப்பிட்டான். இருண்ட சுரங்கத்தில் ஓடும் உருவத்தின் பின்னால், ஈரத் துணியால் துடைத்த கரும்பலகையில் தெரிவதுபோல ஒரு கறுப்புத் தடம் நீண்டுகொண்டிருந்தது. மானிட்டர் பழுதாகிவிட்டது என்றே நான் நினைத்தேன். ஆனால் வெயில் ஏறி அறை சூடான பிற்பகலில், அதே ஆட்டம் அதே திரையில் தடமே இல்லாமல் ஓடியது.

எல்.சி.டி. திரைக்குள் இருக்கும் திரவப் படிகங்கள் குளிரில் அடர்ந்து, ஒரு நிறத்திலிருந்து மற்றொரு நிறத்துக்குத் திரும்பக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வதே இதற்குக் காரணம். டிசம்பரில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை அடுப்போரம் வைத்து எடுக்கும் நமக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. படிகங்கள் எண்ணெயைப்போல உறைந்துவிடுவதில்லை, மந்தமாகின்றன, அவ்வளவுதான். பெட்டியின்மேல் அச்சிடப்படும் ரெஸ்பான்ஸ் டைம் (நிறம் மாற ஆகும் நேரம்) 25 டிகிரியை ஒட்டிய அறைவெப்பத்தில் அளக்கப்படுவது. நம் அறைகள் காலையில் 10 டிகிரியில் இருக்கும்போது அந்த எண்ணை அப்படியே நம்புவதற்கில்லை.

ஆகவே, மலையில் இருப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது பேனல் வகையை, அதாவது படம் காட்டும் தகட்டின் வகையை. எல்.சி.டி.யில் வி.ஏ., ஐ.பி.எஸ்., டி.என். என மூன்று வகைகள் வழக்கத்தில் உண்டு. வி.ஏ. பேனலின் கறுப்பு ஆழமானது. அதன் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) பெரும்பாலும் 3,000-க்கு 1 என்ற அளவில் இருக்க, சாதாரண ஐ.பி.எஸ். பேனல் 1,000-க்கு 1 என்ற அளவிலேயே நிற்கும். இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பவருக்கு வி.ஏ. பிடிக்கும். ஆனால் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறுவதில் அது இயல்பாகவே மந்தமானது, குளிர் அந்த மந்தத்தைக் கூட்டிவிடுகிறது. எங்கள் வீட்டில் இழுத்ததும் வி.ஏ. பேனல்தான். டி.என். வேகமானது என்றாலும், சற்றுக் கீழிருந்து பார்த்தாலே அதன் நிறம் மாறிவிடும். தானே ஒளிரும் வேறு வகைத் திரையான ஓலெட்டில் திரவப் படிகமே இல்லாததால் குளிர் அதைத் தொடுவதில்லை. எனினும் விலை அதிகம், நாள் முழுவதும் கணக்குத் தாளும் டாஸ்க்பாரும் அசையாமல் நிற்கும் திரையில் அவற்றின் நிழல் நிரந்தரமாகப் பதியும் அபாயமும் உண்டு. விளையாட்டு, வீட்டுப்பாடம், அலுவலக வேலை ஆகிய மூன்றுக்கும் ஒரே திரை என்றால் ஐ.பி.எஸ். வாங்குங்கள் என்பதே என் கருத்து. அதுவும் குளிரில் சிறிது மந்தமாகும். திரையைப் போட்டுவிட்டுக் காலைத் தேநீரைக் குடித்து முடித்தால் பேனல் தன் சூட்டிலேயே ஓரளவு தேறிவிடும். சீக்கிரம் சூடாக்குவதற்காக அறை ஹீட்டரை அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

அடுத்ததாக, உங்களிடம் இருக்கும் கணினியைப் பாருங்கள். 1,920 × 1,080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள், அதாவது படத்தை உருவாக்கும் புள்ளிகள். 2,560 × 1,440 திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 83 லட்சம், அதாவது முதல் வகையைப்போல் நான்கு மடங்கு. ஒவ்வொரு காட்சிக்கும் இவை அனைத்தையும் வரைந்து கொடுக்க வேண்டியது கிராபிக்ஸ் கார்டு. பழைய கார்டை வைத்துக்கொண்டு 4கே திரை வாங்குவது, கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் பாரம் ஏற்றிய ஆட்டோவை ஏற்றுவதற்குச் சமம். நடுத்தரக் கார்டு இருந்தால் 1,440 போதும். தனிக் கார்டே இல்லாத கணினியானால் 1,080-ஐத் தாண்ட வேண்டாம்.

பிக்சல் எண்ணிக்கையைத் திரையின் அளவோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 24 அங்குலத்தில் 1,080 என்றால் ஓர் அங்குலத்துக்கு 92 பிக்சல் வரும். அதையே 27 அங்குலத்துக்கு இழுத்தால் 82-ஆகக் குறையும். 27 அங்குலத்தில் 1,440 என்றால் 109. ஆங்கில எழுத்துக்கு 82 ஒப்பேறும், தமிழுக்குப் போதாது. கடையில் ஏதேனும் ஒரு தமிழ்ச் செய்தித்தளத்தைத் திறந்து, பெரிதாக்காமல், 'ஞ்', 'ணீ', 'ஃ' வரும் சொற்களைப் பாருங்கள்; புள்ளி தனியே நிற்கிறதா, மேல்விலங்கின் சுழி அடைபடாமல் இருக்கிறதா என்பதிலேயே திரையின் தரம் தெரிந்துவிடும். விற்பனையாளர் ஓட்டிக்காட்டும் கடலடிப் பவளப்பாறைப் படத்தில் எல்லாத் திரையும் அழகாகத்தான் இருக்கும்.

ரெஃப்ரெஷ் ரேட்டை, அதாவது வினாடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தவரை, 60 ஹெர்ட்ஸில் ஒரு காட்சி 16.7 மில்லி வினாடி நிற்கிறது. 144 ஹெர்ட்ஸில் 6.9, 240-இல் 4.2. 60-இலிருந்து 144-க்குப் போனால் கிடைக்கும் வித்தியாசம் மௌஸை நகர்த்தும்போதே தெரியும், அதிலிருந்து 240-க்குப் போவது போட்டிக்காக விளையாடுபவருக்கு மட்டுமே உதவும். ஆகவே 144 முதல் 180 வரை போதுமானது. "1 மில்லி வினாடி" என்ற விளம்பரத்தில், அது நிறம் மாறும் நேரமா, பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டுக் கணக்கிட்ட நேரமா என்று கேளுங்கள். இரண்டாவது வகையை இயக்கினால் வெளிச்சம் குறைந்துவிடும். கார்டின் வேகத்துக்கேற்பத் திரையும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் அடாப்டிவ் சிங்க் வசதி கட்டாயம் இருக்கட்டும். 2019 முதல் என்விடியா கார்டுகளும், போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.யின் அடாப்டிவ் சிங்க் முறையான ஃப்ரீசிங்க் திரைகள் பலவற்றோடு ஒத்துழைப்பதால், என்விடியாவின் சொந்த ஜி-சிங்க் முத்திரைக்கென்று தனியாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. வெளிச்ச-இருள் வேறுபாட்டைக் கூட்டிக்காட்டும் வசதிக்கான எச்.டி.ஆர். 400 முத்திரைக்கும் அதே பதில்தான்.

இணைப்புகளில், கணினிக்கு டிஸ்ப்ளே போர்ட் 1.4 இருந்தால் கவலையில்லை. பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர் 4கே-வில் 120 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் எச்.டி.எம்.ஐ. 2.1 உள்ளதாகப் பார்க்க வேண்டும். 1,440 திரையையும் பிளேஸ்டேஷன் 5 2022 செப்டம்பர் முதல் ஏற்கிறது.

வாங்கப் புறப்படுமுன் மேசையை அளந்துகொள்ளுங்கள். 27 அங்குலத் திரை சுமார் 60 சென்டிமீட்டர் அகலம் கொண்டது. கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். எஸ்டேட் குவார்ட்டர்ஸ்களில் உள்ள ஒன்றரை அடி மேசைக்கு இது இடிக்கும். பின்புறம் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் வெசா துளைகள் (தாங்கி பொருத்தும் திருகுத் துளைகள்) உள்ள மாடலாக வாங்கினால், பின்னர் திரையைத் தாங்கும் ஓர் ஆர்ம் பொருத்தி மேசையை மீட்டுக்கொள்ளலாம். மூடுபனி நாட்களில் ஜன்னல் முழுவதும் ஒரே வெள்ளை வெளிச்சமாக இருப்பதால் திரையை ஜன்னலைப் பார்த்தோ, ஜன்னல் அதன் பின்னால் வரும்படியோ வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். மழைமாதங்களில் வியர்க்கும் வெளிச்சுவரை ஒட்டி வைப்பதும், பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவதும் ஈரத்தை உள்ளே அடைப்பதாகும். பருத்தித் துணியே போதும்.

மின்சாரம் பற்றி ஒரு சொல்: பெரும்பாலான மானிட்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குபவை என்பதால் ஸ்டெபிலைசர் அவசியமில்லை. பயப்பட வேண்டியது இடிக்குத்தான். கோடைமழையிலும் ஐப்பசி மழையிலும் ஸ்விட்சை அணைப்பதோடு நில்லாமல் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள், கணினியின் லேன் ஒயரையும் சேர்த்து.

கோயம்புத்தூரில் வாங்கி மேலே கொண்டுவருபவர்கள், பெட்டியை நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும். பர்லியாறு தாண்டியதும் வளைவுக்கு வளைவு சரியும் மூட்டைகளுக்கு அடியில் படுக்கவைத்த ஒரு திரை, குன்னூர் வந்து சேர்வதற்குள் மூலையில் நட்சத்திரமாக விரிசல் விட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்த உடைப்பு வாரண்டியில் வராது. இணையத்தில் வாங்கினால், வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் சேவை 643-இல் தொடங்கும் உங்கள் பின்கோடுக்கு உண்டா என்பதை முன்னரே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு வாய்மொழியாக "உண்டு" என்றார்கள். பழுதானபோது கீழே கொண்டுவரச் சொன்னார்கள்.

இரவெல்லாம் பார்சல் வண்டியில் குளிர்ந்த பெட்டியைக் கதகதப்பான அறையில் உடனே பிரித்தால் உள்ளே நீர் பனிக்கும். சில மணி நேரம் மூடியபடியே வைத்திருந்து பிரியுங்கள். பிறகு கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்தையும் திரை முழுக்க நிரப்பி, செத்த பிக்சல்களைத் தேடுங்கள். ஓரிரண்டு இருந்தால் பழுதாகக் கொள்ளாத நிறுவனங்கள் பல என்பதால், திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். விண்டோஸ் பல சமயம் 60 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். டிஸ்ப்ளே அமைப்பில் கூடுதல் பகுதிக்குச் சென்று, பணம் கொடுத்து வாங்கிய வேகத்தை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். தெர்மோகோலையும் அட்டைப்பெட்டியையும் வாரண்டி முடியும்வரை பரணில் வையுங்கள், பூஞ்சை பிடிக்காத பக்கமாகப் பார்த்து.