வேர்நுனி அறுவைச் சிகிச்சை: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

ஊரில் ரூட் கனால் செய்து, மேலே கிரவுனும் போட்டு, அத்துடன் தொல்லை தீர்ந்தது என்று நினைத்திருந்த பல் கனடாவுக்கு வந்தபின் மீண்டும் நோகத் தொடங்கினாலோ, அதன் வேருக்கு நேரே முரசில் சிறு கொப்புளம் தோன்றிச் சீழ் கசிந்தாலோ, பிடுங்குவதுதான் ஒரே வழி என்று உடனே முடிவு செய்துவிட வேண்டாம். பெரும்பாலும் பல் வைத்தியர் முதலில் ரூட் கனாலைத் திறந்து மீண்டும் செய்ய முடியுமா என்று பார்ப்பார். வேருக்குள் தண்டு பொருத்தியிருப்பதாலோ கால்வாய் அடைபட்டிருப்பதாலோ அது இயலாதபோது, வேரின் நுனியை வெளிப்புறமிருந்து அணுகும் ஏபிகோஎக்டமி என்ற சிறு அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைப்பார். இதற்கென்று மேற்படிப்புப் படித்தவர் எண்டோடொன்டிஸ்ட். ஒருவர் அத்தகைய நிபுணராகப் பதிவு பெற்றவரா என்பதை பல் வைத்தியர்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பான ஒன்ராறியோ அரச பல் அறுவை மருத்துவர் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அறுவை என்ற சொல்லுக்கு அஞ்ச வேண்டியதில்லை. வழக்கமாக ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய தேவை இல்லை. விறைப்பு ஊசி போட்டு, முரசைச் சிறிது விலக்கி, நுணுக்குக்காட்டியின் உதவியுடன் வேர்நுனியில் ஏறத்தாழ 3 மில்லிமீற்றரையும் அதைச் சுற்றியுள்ள கெட்ட திசுவையும் அகற்றிவிட்டு, வெட்டிய முனையை எம்டிஏ போன்ற ஒரு சீமெந்தினால் அடைத்துத் தையல் போடுவார்கள். கீழ்க் கடைவாய்ப் பற்களின் அருகே உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. மேல் கடைவாய்ப் பற்களின் வேருக்கு மேலே சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. உங்கள் பல்லுக்கு இவை எவ்வளவு அருகில் உள்ளன என்பதை ஸ்கான் படத்தில் காட்டும்படி கேளுங்கள். வேர் நீளவாக்கில் வெடித்திருந்தால் அறுவையால் பயனில்லை என்பதையும், சில வேளைகளில் முரசைத் திறந்த பிறகே அந்த வெடிப்பு தெரியவரும் என்பதையும் அறிந்துகொண்டு சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிடுவது நல்லது.

புதிதாக வந்தவர்கள் தடுமாறுவது பணத்தில்தான். மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓகிப் அட்டை கையில் இருந்தாலும், பல் வைத்தியரின் கிளினிக்கில் நடக்கும் இந்தச் சிகிச்சைக்கு அது பணம் கொடுக்காது. மத்திய அரசின் கனடியப் பல் பராமரிப்புத் திட்டத்தில் சேர, குடும்பத்தின் நிகர வருமானம் 90,000 டொலருக்குக் குறைவாகவும், வேறு பல் காப்புறுதி கிடைக்காத நிலையிலும் இருக்க வேண்டும்; முந்திய ஆண்டுக்கான வருமான வரியைக் கனடாவில் தாக்கல் செய்திருக்கவும் வேண்டும் என்பதால், வந்து இறங்கியவுடன் இதை நம்பியிருக்க முடியாது. வருமானம் எதுவும் இல்லையென்றாலும் முதல் ஆண்டிலேயே வரிப் படிவத்தை நிரப்புங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான். வேலையிடத்துக் காப்புறுதி இருந்தால், சிகிச்சைக்கு முன்பே மதிப்பீட்டை நிறுவனத்துக்கு அனுப்பி, எவ்வளவு கொடுப்பார்கள் என்ற பதிலை எழுத்தில் பெற்றுத் தரும்படி கிளினிக்கில் சொல்லுங்கள். காப்புறுதி ஓராண்டில் கொடுக்கும் உச்சத் தொகையில் பாதிக்கு மேல் செலவாகிவிட்டதென்று பிறகு தெரியவந்தால் மீதி உங்கள் தலையில்தான் விழும். காப்புறுதியே இல்லாதவர்கள் ரொறன்ரோ பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பீடத்தின் போதனைக் கிளினிக்கை விசாரிக்கலாம். அங்கே கட்டணம் குறைவு, ஆனால் நேரம் அதிகம் எடுக்கும்.

என் பெரியம்மாவுக்கு மொழிபெயர்க்கப் பல் கிளினிக்குக்குப் போயிருந்தேன். குளுசைகள் எதையாவது எடுக்கிறாரா என்று தாதி கேட்டதற்கு "ஒன்றுமில்லை" என்றவர், வெளியே வந்தபின் கைப்பையிலிருந்து ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். அதற்குள் பெயர் அச்சடித்த பகுதி வெட்டுப்பட்ட மாத்திரை அட்டைகள் மூன்று இருந்தன. அவற்றில் ஒன்று இரத்தத்தை இளக்கும் மாத்திரை. அதை எடுத்துக்கொண்டு மீண்டும் உள்ளே போனோம். இரத்தம் இளக்கும் மருந்து, நீரிழிவு மருந்து, என்புத் தேய்மானத்துக்குப் போடும் ஊசி ஆகிய எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எதையும் நீங்களாகவே நிறுத்தவும் கூடாது. இன்னொன்று, நாம் "ஓம்" என்று தலையை இருபுறமும் ஆட்டுவதை இங்குள்ளவர்கள் "இல்லை" என்று எடுத்துக்கொள்கிறார்கள். நோகும்போது இடது கையை உயர்த்துவதென்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

வீடு திரும்பிய அன்று கன்னத்தின் மேல் துணி சுற்றிய பனிக்கட்டியை விட்டுவிட்டு வையுங்கள். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் கூடிப் பிறகுதான் வற்றும். தையலைப் பார்ப்பதற்காக உதட்டைத் தூக்கிப் பார்ப்பதும் புகைப்பதும் காயத்தைக் கெடுக்கும். ஆறிய கஞ்சியும் சொதியில் ஊறிய இடியப்பமும் போதும். முறுக்குக்குச் சில வாரம் பொறுக்கலாம். காய்ச்சல் வந்தாலோ, இரத்தம் நிற்காவிட்டாலோ கிளினிக்கை அழையுங்கள். மூச்சு விடவோ விழுங்கவோ கடினமானால் 911.

நோவு போனதும் பலர் மறுபரிசோதனைக்குப் போவதில்லை. வேர்நுனியை அகற்றிய இடத்தில் என்பு மெதுவாகவே நிரம்பும், அதை எக்ஸ்ரே மட்டுமே காட்டும். புதிதாக வந்தவர்கள் வேலைக்காக ஊர்விட்டு ஊர் மாறுவது வழக்கம் என்பதால், ரொறன்ரோவை விட்டுப் புறப்படுமுன் பழைய எக்ஸ்ரே படங்களின் பிரதியைக் கேட்டு வாங்கி, அடுத்த வைத்தியரிடம் கொடுங்கள்.