ஜோஷுவா ட்ரீல டென்ட் போட போறீங்களா? முதல்ல தண்ணிய பாருங்க

கலிஃபோர்னியால ஜோஷுவா ட்ரீ நேஷனல் பார்க் போறவங்க டென்ட், ஸ்லீப்பிங் பேக், ஸ்டவ்னு லிஸ்ட் போட்டுட்டு தண்ணிய கடைசியா எழுதுவாங்க. தயவுசெஞ்சு அத முதல்ல எழுதுங்க. பிளாக் ராக், காட்டன்வுட் மாதிரி ஓரமா இருக்கற கேம்ப்கிரவுண்ட்லதான் குழா இருக்கு, ஜம்போ ராக்ஸ், ரயன், ஹிடன் வேலி எல்லாம் நடு பாலைவனம், நீங்க கொண்டு போறதுதான் தண்ணி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், மலை ஏறி நடக்கறதா இருந்தா 8 லிட்டர் வரைக்கும், பாத்திரம் கழுவ தனியா.

அக்டோபர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் போங்க. கோடைல வெயில் 38 டிகிரிய சாதாரணமா தாண்டும், அப்ப நடக்கவே வேணாம்னுதான் நான் சொல்லுவேன். டிசம்பர், ஜனவரில ராத்திரி ஐஸ் கட்டற குளிர், ஸ்வெட்டர் பத்தாது, நல்ல ஜாக்கெட் வேணும்.

ரயன் மவுண்டன் போய்ட்டு வர 3 மைல்தான், ஆனா 300 மீட்டருக்கு மேல ஏத்தம், ஒதுங்க ஒரு நிழல் இல்ல, அதனால விடியும்போதே கிளம்பிடுங்க, கொண்டு போன தண்ணில பாதி காலியாச்சுன்னா உச்சி எவ்ளோ பக்கத்துல தெரிஞ்சாலும் திரும்பிடுங்க. சின்ன பசங்க இருந்தா பார்க்கர் டேம் (Barker Dam) டிரெயில் போதும், 1 மைல் சுத்து, அதிர்ஷ்டம் இருந்தா பிக்ஹார்ன் காட்டு ஆடு பாக்கலாம்.

இப்ப ஆமை விஷயம், இத கண்டிப்பா படிங்க. இங்க இருக்கற பாலைவன ஆமை மழை பெய்யும்போது குடிச்ச தண்ணிய மூத்திரப்பைல சேத்து வச்சுதான் மாசக்கணக்கா உயிர் வாழுது, நீங்க ஆசையா கைல தூக்குனா பயத்துல அவ்ளோத்தையும் பீச்சி விட்டுடும், அப்புறம் அடுத்த மழை வரைக்கும் அதுக்கு தண்ணி கிடையாது, செத்துகூட போகலாம். பாத்தா தள்ளி நின்னு பாருங்க, தொடாதீங்க. வெயில் நேரத்துல நிழலுக்காக கார் அடில வந்து படுத்துக்கும், அதனால வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு பாத்துடுங்க.

தேனீயும் ஈரத்த தேடி வரும், கார் ஏசில சொட்டற தண்ணிக்குகூட மொய்க்கும், கண்ணாடிய ஏத்தி வைங்க, டம்ளர மூடி வைங்க. கோயோட்டிக்கு (நரி மாதிரி ஒரு காட்டு விலங்கு) சாப்பாடு போடாதீங்க, மிச்சத்த எல்லாம் காருக்குள்ள பூட்டிடுங்க. ராட்டில்ஸ்னேக்ங்கற விஷப்பாம்பு இருக்கற ஊரு, பாக்காம பாறை இடுக்குல கைய விடக்கூடாது, ராத்திரி டாய்லெட் போனாலும் ஷூ, டார்ச் வேணும்.

ஒரு சீப்பு எடுத்துட்டு போங்க, சோய்யா (cholla) கள்ளிச்செடி முள்ளு ஒட்டிக்கிச்சுன்னா கையால புடுங்காம சீப்ப உள்ள விட்டு நெம்பி எடுக்கணும். விறகும் வெளில வாங்கிட்டு வரணும், பார்க்குக்குள்ள பொறுக்க கூடாது. போன் சிக்னல் பெரும்பாலும் வராது, மேப்ப முன்னாடியே டவுன்லோட் பண்ணிட்டு, எந்த டிரெயில் போறீங்க, எப்ப திரும்புவீங்கன்னு வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு கிளம்புங்க.