இளையோர் ஒற்றை இருக்கைப் பந்தயம்: ஒரு பருவத்துக்கான ஆயத்தம்

இளம் ஓட்டுநர்களுக்கான தொடக்கநிலை ஒற்றை இருக்கைக் கார் பந்தயமான ஃபார்முலா 4இல் பங்கேற்கக் குறைந்தது 15 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால், வடசென்னையின் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ வசிக்கும் பெற்றோர் அதற்கு முந்தைய ஆண்டுகளைச் சிறிய, திறந்த வண்டிகளில் நடக்கும் கார்ட்டிங் பந்தயத்துக்குக் கொடுப்பதே முறை. இந்திய மோட்டார் பந்தயக் கழகங்களின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. வழங்கும் ஓட்டுநர் உரிமத்தைப் பருவம் தொடங்குமுன் பெற்றுவிடுங்கள்.

பயிற்சிக்கு, 1990இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் இருக்கிறது. துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகளின் நெரிசலை எண்ணி விடியுமுன் புறப்படுவது நல்லது. அங்கே சுற்று நேரத்தைத் துரத்துவதைவிட, பிரேக்கை எங்கே அழுத்தி மிதிப்பது, திருப்பத்துக்குள் நுழையும்போது அதை எவ்வாறு படிப்படியாகத் தளர்த்துவது என்பதையே முதலில் பழக்குங்கள். சட்டென்று விட்டால் முன்பக்கத்தின் பாரம் குறைந்து, முன்சக்கரங்கள் பிடிப்பை இழந்து, கார் திரும்ப மறுக்கும். (பிள்ளைகள் இதைக் கேட்கவே மாட்டார்கள்; காரின் கருவிகளில் பதிவான தரவைக் காட்டினால் நம்புவார்கள்.)

விபத்துச் செலவுக்கெனத் தனியே பணம் ஒதுக்குங்கள். காரின் மூக்கில் பொருத்தியிருக்கும் முன் இறக்கைதான் பெரும்பாலும் முதலில் உடையும்.