‘இந்தோ-மலாய’ என்று எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பறவைக் கட்டுரை ஒன்றைத் திருத்தும்போது, ‘பெரிய இருவாச்சி ஓர் இந்திய-மலேசியப் பறவை’ என்ற வரியில் நின்றுவிட்டேன். எழுதியவர் சொல்ல வந்தது ‘இந்தோ-மலாய’. அந்த ஒரு சொல் மாறியதில் மியான்மர், தாய்லாந்து, சுமத்ரா எல்லாம் விடுபட்டுப்போயின. அங்கும் வாழ்கிற பறவை அது.

மலேசியா என்ற நாடு 1963-ல்தான் உருவானது. இந்தச் சொல்லில் உள்ள மலாயா அந்த நாடு அல்ல. இந்தியத் துணைக்கண்டம், இலங்கை, தென்சீனா, மலாய்த் தீபகற்பம், போர்னியோ, பாலி வரை பரந்து கிடக்கும் ஓர் உயிரின மண்டலத்துக்கே (அதாவது, தமக்குள் உறவுள்ள உயிரினங்கள் வாழும் பெரும் நிலப்பரப்புக்கே) இந்தோ-மலாய மண்டலம் என்று பெயர். அவசரத்தில் ‘இந்தோ-மலையாள’ என்று எழுதிவிடவும் கூடாது. மலையாள மொழிக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை.

அதிகம் குழப்புவது இன்னொன்று. இந்தியாவிலும் மலாயாவிலும் இருந்தால்தான் இந்தோ-மலாய உயிரினம் என்று பலர் நினைக்கிறார்கள். மலபார் சாம்பல் இருவாச்சி மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி எங்கும் இல்லை. ஆனாலும் அது இந்தோ-மலாயப் பறவைதான், அதன் சொந்த ஊர் இந்த மண்டலத்துக்குள் இருப்பதால். ரப்பர் மரம் இதற்கு நேர்மாறு. கேரளத்திலும் மலேசியாவிலும் தோட்டம் தோட்டமாக நிற்கிறது, ஆனால் பூர்வீகம் அமேசான் காடு. எங்கே வளர்கிறது என்பதை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

சரி, எல்லை எது? 1856-ல் பாலியிலிருந்து கிழக்கே உள்ள லோம்போக் தீவுக்குப் போன இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், பாலியில் பார்த்த குக்குறுவான் பறவைகள் மறைந்து காக்கட்டூ கிளிகள் வந்துவிட்டதைக் கவனித்தார். நடுவில் இருப்பது ஒரு சிறு நீரிணைதான், ஆனால் அங்கே அதுதான் மண்டலத்தின் கிழக்கு எல்லை. அதற்குக் கிழக்கே இருக்கும் கொமோடோ உடும்பை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வடக்கே லடாக்கும் இந்த மண்டலத்தில் வராது.

மனிதர்களுக்கு இந்தச் சொல்லைப் போடவே வேண்டாம். தமிழ் வணிகர்களும் மலாய்ப் பெண்களும் மணந்த வழியில் வந்து, மலாய் பேசிக்கொண்டே மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களுக்கு ‘மலாக்கா செட்டிகள்’ என்று அவர்களுக்கே உரிய பெயர் இருக்கிறது. அதையே எழுதுவோம்.

அப்புறம், அந்த இருவாச்சி. வால்பாறையில் அது தலைக்கு மேல் போனால், சிறகுச் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்போம். சுமத்ரா காட்டிலும் அதே சத்தம்தான். வரியை இப்படி மாற்றினேன்: ‘மேற்குத் தொடர்ச்சி மலையிலும், இமயமலை அடிவாரம் முதல் சுமத்ரா வரையிலும் வாழும் இந்தோ-மலாயப் பறவை.’