காருக்கு நீங்களே ஒரு வால் கட்டுவது எப்படி

மழையில் ஹேட்ச்பேக் காரை நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியதும் பின்பக்கம் போய்ப் பாருங்கள். கூரையும் கதவுகளும் ஓரளவு சுத்தமாக இருக்கும், பின் கண்ணாடியும் டிக்கிக் கதவும் மட்டும் சேற்றை வாரி அப்பிய மாதிரி கிடக்கும். கூரை முடிகிற இடத்தில் காற்று காரை விட்டுப் பிரிந்து பின்னால் சுழல்கிறது, சக்கரம் கிளப்பிய நீரையும் தூசியையும் அந்தச் சுழல்தான் தூக்கி வந்து அங்கே ஒட்டுகிறது. சுழலுக்குள் அழுத்தம் குறைவு. முன்னால் காற்று அழுத்தித் தள்ள, பின்னால் இந்தக் குறைந்த அழுத்தம் காரைப் பிடித்து இழுக்கிறது. வால் கட்டுவதே இந்த இழுவையைக் குறைக்கத்தான்.

காரின் பின்பக்கம் நீட்டிப் பொருத்தும் இந்த வால் பார்க்கிற வேலை ஒன்றுதான்: கூரையையும் பக்கங்களையும் சட்டென்று முடியவிடாமல், காற்று ஒட்டியபடியே மெல்ல உள்ளே வரும்படி குறுக்கிக்கொண்டு போவது. முழு நீர்த்துளி வடிவம் வேண்டுமென்றால் வால் பல மீட்டர் நீளும், அதை யாரும் ஓட்ட முடியாது. 1920களில் பால் யாரை என்பவர் அப்படி நீண்ட வால் வைத்த கார்களை வடிவமைத்தார். 1930களில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் வூனிபால்ட் காம் என்ற பொறியாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் வாலைப் பாதியிலேயே நறுக்கென்று வெட்டிவிட்டாலும் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது என்று காட்டினார்கள். 1999இல் வந்த ஹோண்டா இன்சைட்டின் இழுவை எண் (வடிவம் காற்றில் எவ்வளவு இழுபடுகிறது என்பதைச் சொல்லும் எண், குறைவாக இருந்தால் நல்லது) 0.25, 2003இல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸின் எண் 0.26. இரண்டின் பின்பக்கமும் இதே யோசனைதான்.

தொடங்குவதற்கு முன் உங்கள் ஓட்டம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். காற்றின் இழுவை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும், அதைச் சமாளிக்கத் தேவையான திறன் மும்மடிப் பெருக்கமாக ஏறும். மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 120க்குப் போனால் இழுவை 4 மடங்கு, திறன் 8 மடங்கு. ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஓட்டுகிறவருக்கு வால் வெறும் சுமை. தினமும் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகிறவருக்குத்தான் இது பயன் தரும். அப்புறம், காரின் நீளத்தை மாற்றலாமா, பின் விளக்கும் எண் பலகையும் எந்தக் கோணத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் விதி இருக்கிறது. உங்கள் விதியை முதலிலேயே படித்துவிடுங்கள், எல்லாம் கட்டி முடித்தபிறகு கழற்ற வேண்டி வந்தால் மனது தாங்காது.

இனி கோணம். நீளம், பொருள், பெயின்ட் எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். 1984இல் எஸ். ஆர். அகமதும் அவரது குழுவினரும் ஒரு எளிய கார் மாதிரியின் பின் சரிவை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். சரிவு 12.5 டிகிரி அளவில் இருக்கும்போது இழுவை மிகக் குறைவாக இருந்தது, 30 டிகிரியை நெருங்கும்போது மிக அதிகமானது, ஏனென்றால் அங்கே இரண்டு ஓரங்களிலும் கயிறு முறுக்கினது போல வலுவான சுழல்கள் உருவாகின்றன. அதாவது தப்பான கோணத்தில் கட்டிய வால், வாலே இல்லாததை விட மோசமாகலாம். வீட்டில் கட்டுகிறவர்களுக்கு என் பரிந்துரை: மேலே 10 முதல் 12 டிகிரி, பக்கங்களில் 7 முதல் 10, கீழே அதற்கும் குறைவு. இந்தக் கோணத்தைத் தரையோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும். உங்கள் கூரை கடைசியில் ஏற்கெனவே 5 டிகிரி சரிந்திருந்தால் அந்த 5லேயே வாலைத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து 12க்குக் கொண்டுபோங்கள். ஒரே இடத்தில் மடித்தால் காற்று அந்த மடிப்பிலேயே கழன்றுவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பின்பக்கம் 140 செ.மீ. அகலம், 110 செ.மீ. உயரம் என்று வையுங்கள், அதில் 60 செ.மீ. நீள வால். மேலே 12 டிகிரி என்றால் 60 செ.மீ.க்கு ஏறத்தாழ 13 செ.மீ. இறங்கும். பக்கத்துக்கு 10 டிகிரி என்றால் இரண்டு பக்கமும் தலா 10.5 செ.மீ. உள்ளே வரும். கீழே 8 டிகிரி என்றால் 8.5 செ.மீ. மேலே ஏறும். ஆக, கடைசி வெட்டு முகம் 119க்கு 89 செ.மீ. சுழல் ஒட்டிக்கொண்டு இழுக்கிற பரப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. வளைவைப் படிப்படியாகக் கொடுக்கும்போது இந்த அளவுகள் கொஞ்சம் சுருங்கும், பரவாயில்லை. 60 செ.மீ.க்கு மேல் போகப் போக நிறுத்துவதும் திருப்புவதும்தான் கடினமாகும்.

சரி, முதலில் அட்டைப்பெட்டி அட்டையில் செய்யுங்கள். அலுமினியத்தை வாங்கவே வேண்டாம் இப்போது. காரைச் சமதளத்தில் நிறுத்தி, ரசமட்டம் வைத்துத் தரை மட்டமா என்று பாருங்கள். நேரான மரச் சட்டம் ஒன்றைக் கூரையின் கடைசி முப்பது நாற்பது செ.மீ. மீது படுக்க வைத்துக் கோணமானியால் சரிவை அளங்கள். அந்த வளைவைப் பக்கவாட்டு அட்டையில் வரைந்து வெட்டி, மாஸ்கிங் டேப்பால் காரில் ஒட்டிச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். கூரைக் கோடு உடையாமல் வாலுக்குள் ஓட வேண்டும்.

வடிவம் சரியாக வந்ததும் கம்பளி நூலை 8 அல்லது 10 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஒரு முனையை மட்டும் டேப்பால் ஒட்டுங்கள். கூரையின் கடைசியிலிருந்து வாலின் விளிம்பு வரை, பக்கங்களிலும், பத்துப் பத்து செ.மீ. இடைவெளியில். காரின் நிறத்துக்கு எதிரான நிறத்தில் நூல் இருந்தால் வீடியோவில் தெரியும். அட்டையைக் கயிறு போட்டும் கட்டிவிட்டு, ஆளில்லாத சாலையில் 50, 60 கிலோமீட்டரில் மட்டும் போங்கள், நண்பர் வேறொரு காரில் பக்கத்திலும் பின்னாலும் இடைவெளி விட்டு வந்து படம் பிடிக்கட்டும். நூல் காரோடு படிந்து லேசாக நடுங்கினால் காற்று ஒட்டியிருக்கிறது. துள்ளிச் சுழன்றாலோ முன்னோக்கித் திரும்பினாலோ கழன்றுவிட்டது. நான் முதலில் வெட்டிய அட்டையில் சரிவு 20 டிகிரிக்கு மேல் இருந்தது. பார்க்க அழகாக இருந்தது. வீடியோவில் நடு வரிசை நூல்கள் எல்லாம் எழுந்து நின்று கண்ணாடியைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தன. 12க்குக் குறைத்து மறுபடி ஓட்டியதும் அத்தனையும் படிந்தன. ஒரு மாலை வேலை, ஆனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

அடுத்து சட்டகம். 20 மி.மீ. அலுமினிய எல் ஆங்கிள் போதும். பக்கத்துக்கு ஒரு விலா, நடுவில் ஒன்று, குறுக்கே மூன்று நான்கு சட்டங்கள். வாலை டிக்கிக் கதவிலேயே பொருத்தினால் கதவோடு சேர்ந்து திறக்கும், ஆனால் கதவைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட் கூடுதல் எடையைத் தாங்குமா என்று முதலில் அதே எடையுள்ள பையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பிடிமானத்துக்குக் கதவின் விளிம்பில் ரப்பர் ஒட்டிய கொக்கிகள், எண் பலகை ஆணிகள், ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகள் ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். டேப்பையும் உறிஞ்சு கோப்பைகளையும் நம்பி நெடுஞ்சாலைக்குப் போகவே கூடாது. ஒரு பிடிமானம் விட்டாலும் இன்னொன்று தாங்குகிற மாதிரி வைத்து, அதற்கும் மேலே சட்டகத்தையும் காரின் உடலையும் உள்ளுக்குள் ஸ்டீல் கம்பி வடத்தால் பிணைத்துவிடுங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் கழன்று பறக்கும் வால் பின்னால் பைக்கில் வருகிறவர் மேல்தான் போய் விழும்.

மேலே போர்த்த 4 மி.மீ. கனமுள்ள, உள்ளே குழல் குழலாக ஓடும் பிளாஸ்டிக் அட்டை நன்றாக இருக்கும், எடை குறைவு, கத்தியால் வெட்டலாம். அது குழல் ஓடும் கோட்டில்தான் சுலபமாக வளையும். மேல் அட்டை முன்னிருந்து பின்னாக வளைய வேண்டும் என்பதால் குழல்கள் இடமிருந்து வலமாக ஓடும்படி வெட்டுங்கள். மாற்றி வெட்டினால் வளையாது, மடிந்து நொறுங்கும். அட்டையைச் சட்டத்தோடு பிணைக்கும் பாப் ரிவெட் ஆணிகளுக்கு அகலமான வாஷர் போடுங்கள், இல்லாவிட்டால் தலை அட்டையைக் கிழித்துக்கொண்டு வரும். வெயிலில் பிளாஸ்டிக் விரியும், துளையைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். பின் கண்ணாடி வழியே பார்வை போகிற இடத்தில் தெளிவான பாலிகார்பனேட் ஷீட் வையுங்கள். அக்ரிலிக் அடிபட்டால் கூரான சில்லாக உடையும்.

காரும் வாலும் சந்திக்கும் இடத்தில் ஃபோம் டேப் வைத்து இடைவெளியை அடைத்துவிடுங்கள். படி விழுவது தவிர்க்க முடியாவிட்டால் வாலின் தொடக்கம் கூரையை விட 1, 2 மி.மீ. தாழ்ந்து இருக்கட்டும், உயர்ந்து நின்றால் காற்று அதில் தடுக்கி விழும். கடைசி விளிம்பை உருட்டாதீர்கள். அங்கே காற்று ஒரே கோட்டில் சுத்தமாகப் பிரிய வேண்டும், அதற்குக் கூரான விளிம்புதான் சரி. பின் முகத்தைத் திறந்தே விடலாம், எடையும் மிச்சம். பழைய விளக்குகள் மறைந்தால் வாலின் முனையில் பிரேக், இண்டிகேட்டர் எல்லாவற்றுக்கும் புதிய விளக்கு கட்டாயம்.

சைலன்சர் குழாயை மறக்காதீர்கள். வாலுக்குள் புகை தேங்கினால் டிக்கிக் கதவின் ரப்பர் வழியே கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு வாசனையும் கிடையாது. குழாயை வாலின் விளிம்பைத் தாண்டி நீட்டுங்கள், அல்லது கீழ்ப் பலகையே வைக்காமல் விட்டுவிடுங்கள். கீழே சமதளமாக இல்லாத காரில் கீழ்ப் பலகையின் பலன் எப்படியும் குறைவுதான்.

முதல் ஓட்டத்தில் 40, 60, 80 என்று ஏற்றி, ஒவ்வொரு முறையும் நிறுத்தி ரிவெட்டுகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். சரியும் கூரை பின் அச்சைக் கொஞ்சம் மேலே தூக்கப் பார்க்கும், அதனால் வளைவில் பின்பக்கம் இலேசாகிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் கோணத்தைக் குறைக்கும்வரை வேகமாகப் போகாதீர்கள்.

பலனை அளக்க, காற்று இல்லாத விடியற்காலையில் ஒரே சாலையில் இரு திசையிலும் 100இல் நியூட்ரல் போட்டு 80க்கு இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுங்கள். வாலோடு, வால் இல்லாமல், மறுபடி வாலோடு, டயர் காற்றழுத்தத்தை மாற்றாமல். பெட்ரோல் டேங்க் கணக்கு மட்டும் போதாது, எதிர்காற்றும் குளிரும் அதைக் கெடுத்துவிடும். இழுவை 10 சதவீதம் குறைந்தால் நெடுஞ்சாலை எரிபொருளில் 5 சதவீதம் அளவுக்கு மிச்சமாகும். அதற்கு மேல் எதிர்பார்த்துக் கட்டாதீர்கள். மாதம் ஒருமுறை ஸ்டீல் வடத்தின் முடிச்சையும் கொக்கியின் ரப்பரையும் பாருங்கள், ரப்பர் தேய்ந்தால் பெயின்ட் முதலில் போகும், பிடிமானம் அடுத்துப் போகும்.